அறுபத்தொரு மேற்கோள்கள்

நான் எழுதிய ஒரே ஒரு உருப்படியான கட்டுரையை அறுபத்தொரு பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று தெரிந்த அன்று, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கடத்தூர் முழுக்க அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். மருந்துக்கடைக்காரரிடம் சொன்னேன். பூசை முடிந்து வந்த பங்குச் சாமியாரிடம் சொன்னேன். பால் ஊற்ற வந்தவரிடம்கூடச் சொல்லியிருப்பேன், அவர் நிற்கவில்லை.

சென்னையிலிருந்து மருத்துவச் சங்கத்தின் கடிதம் வந்திருந்தது. சங்கம் நடத்தும் இதழில் பத்தாண்டுகளில் அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட ஐந்து கட்டுரைகளில் என்னுடையதும் ஒன்று. பிப்ரவரியில் விழா, பொன்னாடை, கேடயம். அரசு மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்று நான்கு வருடமாகப் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கிளினிக் வைத்து, பிரஷர் மாத்திரையும் பிள்ளைகளுக்கு இருமல் மருந்தும் எழுதிக்கொண்டிருக்கிற அருள்நாதனுக்கு இது சின்ன விஷயமா?

என் மனைவி வேளாங்கண்ணி மட்டும் கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, "மேற்கோள் காட்டறதுன்னா, நீங்க எழுதுனதப் படிச்சுட்டுத்தானேங்க காட்டுவாங்க?" என்று கேட்டாள்.

"படிக்காம எப்படிக் காட்டுவாங்க?" என்றேன். பத்தாவது வரை படித்தவளுக்கு ஆராய்ச்சியைப் பற்றி என்ன தெரியும் என்ற திமிர் எனக்கு.

கட்டுரை இதுதான். சித்தேரி மலையிலும் அடிவாரத்திலும் கட்டுவிரியன் கடித்து எங்களிடம் வந்த பன்னிரண்டு பேரைப் பற்றியது. கட்டுவிரியன் கடித்தால் வலி தெரியாது. தரையில் படுத்திருப்பவர்கள் காலையில் வயிற்றுவலி என்று எழுந்திருப்பார்கள். பிறகு கண்ணிமை தொங்கும், எச்சில் விழுங்க முடியாது, கடைசியில் மூச்சு நிற்கும். விஷமுறிவு மருந்து கொடுத்தாலும் போதாது. மூச்சு நிற்பதற்குள் செயற்கைச் சுவாசக் கருவி இருக்கிற இடத்துக்குப் போய்ச் சேர்ந்தால் பிழைக்கலாம். அந்தக் காலத்தில் சிலர் ஓர் ஊசியைப் போட்டுப் பார்த்தார்கள். அதன் பெயரை இங்கே எழுத மாட்டேன், எழுதினால் அதையும் யாராவது மேற்கோள் காட்டித் தொலைப்பார்கள். ஊசி போட்டதும் தொங்கிய இமை கொஞ்சம் தூக்கும். அதைப் பார்த்ததும் எல்லோருக்கும் நம்பிக்கை வந்து, இங்கேயே வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று உட்கார்ந்துவிடுவார்கள். சில மணி நேரத்தில் மூச்சு நிற்கும்.

பன்னிரண்டு பேரில் ஐந்து பேர் அப்படித்தான் போனார்கள். அந்த ஐவரில் ஒருத்தி, கட்டுரையில் ஏழாவது நோயாளியாக வருகிற குள்ளம்மாள். சித்தேரியில் சாமை விதைக்கிற பெண், வயது நாற்பத்து மூன்று. வேறோர் இடத்தில் ஊசி போட்டு அரை நாள் வைத்திருந்து, எங்களிடம் வந்தபோது கை சில்லிட்டுப் போயிருந்தது. அவள் மகன் தமிழ்ச்செல்வனுக்கு அப்போது இருபது வயது. "கண்ணத் தொறந்து என்னப் பாத்துச்சுங்க சார், அதான் இருந்துட்டோம்" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். நான் அவனை உட்கார வைத்து, இனி உங்கள் ஊரில் யாரைக் கடித்தாலும் கண் திறந்ததை நம்பாதே, சுவாசக் கருவி இருக்கிற இடத்துக்குக் கொண்டு ஓடு என்று சொன்னேன். அதைத்தான் கட்டுரையிலும் எழுதினேன். இந்த ஊசியை நம்பி நோயாளியை வைத்திருக்காதீர்கள், அனுப்பிவிடுங்கள். ஒன்பது பக்கத்தின் சாரம் இந்த ஒரு வரி.

தலைப்பு மட்டும் மருத்துவர்களுக்கே உரிய மரியாதையோடு, 'கட்டுவிரியன் கடியில் இன்ன ஊசியின் பங்கு: தர்மபுரி மாவட்ட அனுபவம்' என்று இருந்தது. பங்கு ஒன்றுமில்லை என்று தலைப்பிலேயே போட்டிருக்கலாம். அப்போது அது நாகரிகமாகப் படவில்லை.

விழாவில் பேச வேண்டுமே, யார் யார் என்னை மேற்கோள் காட்டினார்கள் என்று தெரிந்துகொள்ளலாம் என்று பழைய கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கும் ஃபிராங்க்ளினைக் கேட்டேன். நல்ல பையன், அறுபத்தொன்றையும் அச்செடுத்து, என் பெயர் வரும் வரிகளில் மஞ்சள் தீட்டி, பஸ்ஸில் கொண்டுவந்து கொடுத்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு சாய்வு நாற்காலியில் ராஜா மாதிரி உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன்.

முதல் கட்டுரையில் மஞ்சள் வரி சொன்னது: 'மலைப்பகுதிகளில் இந்த ஊசி நல்ல பலன் தருவதாக அறியப்படுகிறது (அருள்நாதன் மற்றும் பலர்).' யாரோ அரைத் தூக்கத்தில் எழுதியிருக்கிறான் என்று அடுத்ததை எடுத்தேன். 'சுவாசக் கருவி இல்லாத இடங்களில் இந்த ஊசியே போதுமானது (அருள்நாதன் மற்றும் பலர்).' மூன்றாவதிலும் அதேதான். நாலாவதில் வார்த்தை மாறாமல் மூன்றாவதின் வரி. சாயங்காலம் வேளாங்கண்ணி காப்பியோடு வந்தபோது அறுபத்தொன்றையும் முடித்திருந்தேன். மூன்று பேர் நான் சொன்னதைச் சொல்லியிருந்தார்கள். ஐம்பத்தெட்டு பேர் நான் சொன்னதற்கு நேர் எதிரானதை என் பெயரிலேயே சொல்லியிருந்தார்கள்.

"என்னங்க, மூஞ்சி இப்படி ஆயிருச்சு?" என்றாள். தாள்களைக் கவிழ்த்து வைத்தேன். அவள் கேட்ட கேள்விக்குத்தான் அன்று நான் இளக்காரமாகப் பதில் சொல்லியிருந்தேனே.

மறுநாள் இதழின் ஆசிரியர் டாக்டர் கலைமணிக்குப் போன் செய்தேன். மரியாதையான மனுஷி. கோபமே வராத குரல், அதுதான் எனக்கு இன்னும் கோபத்தை வரவழைத்தது.

"சார், எதுக்காக சைட் பண்ணியிருக்காங்கன்னு எந்தக் கணக்கும் பாக்கறதில்ல. எத்தனை தடவைன்னு மட்டும்தான் பாக்கும். திட்டி எழுதினாலும் ஒண்ணு, புகழ்ந்து எழுதினாலும் ஒண்ணு, தப்பா எழுதினாலும் ஒண்ணு" என்றார்.

"ஆள் செத்துப்போவாங்கம்மா. இதை நம்பி யாராவது கடிபட்டவங்களை அங்கேயே வெச்சிருந்தா செத்துப்போவாங்க."

"புரியுது சார். நீங்க ஒரு விளக்கக் கடிதம் எழுதுங்க, போடறோம். முறைப்படி ஆறு மாசம் ஆகும். ஆனா அதிலயும் உங்க பழைய கட்டுரையைக் குறிப்பிட்டுத்தான் ஆகணும்."

ஆக, என் மறுப்பே அறுபத்திரண்டாவது மேற்கோளாக ஏறும். எண்ணிக்கை பெருகும், கட்டுரையின் மதிப்பு உயரும், அதைப் பார்த்து இன்னும் பத்துப் பேர் எடுத்துப் போடுவார்கள்.

"கட்டுரையையே எடுத்துடுங்க" என்றேன்.

அவர் பொறுமையாக விளக்கினார். இதழுக்கு எச்-இன்டெக்ஸ் என்று ஒரு எண் உண்டு. இப்போது பதினாலு. அதாவது தலா பதினாலு தடவையாவது மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் பதினாலு இருக்கின்றன. அதில் என்னுடையது போனால் பதிமூன்று ஆகிவிடும். பெரிய பட்டியல் ஒன்றில் சேர விண்ணப்பித்திருக்கிறார்கள், இந்த நேரத்தில் எண் இறங்கினால் இதழே அடிபடும். "அது கெடக்கட்டும் சார், அதுக்காக நான் சொல்லல" என்று அவர் சொன்னதை நான் நம்பினேன். "ஒரு கட்டுரையைத் திரும்பப் பெறணும்னா அதுல தப்பு இருக்கணும். உங்க கட்டுரையில தப்பில்லையே. நீங்களே 'என் தரவுகள் நம்பத்தக்கவை அல்ல'ன்னு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தா எடுத்துடலாம்."

பொய் பரவுவது நிற்க வேண்டுமென்றால் நான் எழுதிய உண்மையைப் பொய் என்று நானே ஒப்புக்கொள்ள வேண்டும். குள்ளம்மாள் செத்ததையும் மற்ற நாலு பேர் செத்ததையும் இட்டுக்கட்டினேன் என்று எழுதித்தர வேண்டும். அந்தப் படிவத்தை அவர் அனுப்பியும் வைத்தார். மேசையில் நான்கு நாள் கிடந்தது. ஐந்தாம் நாள் ஃபிராங்க்ளின், "திரும்பப் பெற்ற பேப்பரையும் சைட் பண்ணிக்கிட்டேதாங்க சார் இருப்பாங்க. பாக்கறவங்க யாருங்க?" என்றான். அதைச் சாக்காக வைத்துக்கொண்டு படிவத்தை மடித்து டிராயரில் போட்டேன். பெயர் கெடுவதற்குப் பயந்தேன் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

இந்த வினை எங்கே ஆரம்பித்தது என்று கண்டுபிடித்து அந்த ஆளை நாலு வார்த்தை கேட்காமல் விடுவதில்லை என்று ஃபிராங்க்ளினிடம் அறுபத்தொன்றையும் வருட வரிசையில் அடுக்கச் சொன்னேன். கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. முதல் தவறான மேற்கோள் ஜெயராணியின் கட்டுரையில் இருந்தது. என் மாணவி. அவளுடைய எம்.டி. ஆய்வேட்டிலிருந்து எடுத்த கட்டுரை. ஆசிரியர் பெயர்களில் முதல் பெயர் அவளுடையது, கடைசிப் பெயர் என்னுடையது.

ஜெயராணி இப்போது வேறொரு கல்லூரியில் இணைப் பேராசிரியை. போனில் குரலைக் கேட்டதும் சந்தோஷப்பட்டாள். விஷயத்தைச் சொன்னேன்.

"சார், நீங்கதாங்க சொன்னீங்க. என் புரொமோஷனுக்கு எண்ணிக்கை காட்டணும், நம்ம பேப்பர் ஒண்ணையும் உள்ள போட்டுரும்மான்னு. அன்னிக்கே சப்மிட் பண்ணணும். எங்க போடறதுன்னு தெரியல. தலைப்புல அந்த ஊசி பேரு இருந்துச்சு, ஊசியப் பத்தி எழுதின வரிக்குப் பக்கத்துல போட்டுட்டேன்."

"உள்ளே என்ன இருக்குன்னு படிச்சுப் பாக்கலையா?"

"இல்லீங்க சார். நீங்க படிச்சுப் பாத்துத்தானேங்க கையெழுத்துப் போட்டீங்க?"

அவள் குத்திக் காட்டவில்லை. அப்பாவியாகத்தான் கேட்டாள். நான் படிக்கவில்லை. ஆய்வேடு கொடுக்கிற கடைசி வாரத்தில் ஒரு நாளைக்கு ஐந்து ஆய்வேட்டில் கையெழுத்துப் போடுவேன். கையெழுத்துப் போடும் இடத்தில் மாணவர்களே சின்ன மஞ்சள் துண்டு ஒட்டிவைத்திருப்பார்கள், அந்தப் பக்கத்தைத் தவிர வேறு பக்கம் திருப்பியதாக நினைவில்லை. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை நான் கையெழுத்தும் முத்திரையும் போட்டு வைத்துக்கொண்டேன்.

அதற்கப்புறம் பரவியதற்கு யாரும் பாடுபடவே வேண்டியிருக்கவில்லை. எங்கள் கல்லூரி விடுதியில் ஒரு வழக்கம். படிப்பை முடித்துப் போகிற சீனியர் தன் ஆய்வேடு இருக்கிற பென் டிரைவை அடுத்த ஜூனியருக்குக் கொடுத்துவிட்டுப் போவார். முன்னுரையையும் பின்னால் இருக்கும் மேற்கோள் பட்டியலையும் ஜூனியர் அப்படியே எடுத்துக்கொண்டு, நடுவில் மட்டும் தன்னுடையதை வைப்பார். நானும் அப்படித்தான் படித்தேன், அப்போது பென் டிரைவுக்குப் பதில் ஜெராக்ஸ். என் கட்டுரை அந்தப் பட்டியலில் ஏறி, வருடா வருடம் கைமாறி, அங்கிருந்து மாற்றலாகிப் போனவர்களோடு வேறு கல்லூரிகளுக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது. பிறகு ஒருவரை ஒருவர் காட்டிக்கொண்டார்கள். வேலிக்கு ஓணான் சாட்சி.

காகிதத்தோடு நின்றிருந்தால்கூட மனதைத் தேற்றிக்கொண்டிருப்பேன். ஜெயராணிதான் இன்னொன்றையும் சொன்னாள். விடுதியில் படித்தவர்கள் யாரோ ஒரு சிகிச்சைத் தாள் தயாரித்திருக்கிறார்கள், பாம்புக்கடிக்கு என்ன செய்வது என்று ஒரே பக்கத்தில், கீழே மேற்கோள்களோடு. லேமினேட் செய்து நம் பக்கத்துத் தனியார் மருத்துவமனைகள் சிலவற்றில் ஒட்டியிருக்கிறார்களாம்.

என் கட்டுரையைப் பத்துப் பிரதி எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரில் கிளம்பினேன். மொரப்பூர்ப் பக்கம், அரூர்ப் பக்கம், மலையடிவாரம் என்று மூன்று நாள். ஏழு இடத்துக்குப் போனேன், நாலு இடத்தில் தாள் இருந்தது. மூன்று இடத்தில் நான் சொன்னதைக் கேட்டு எடுத்துவிட்டார்கள். ஓரிடத்தில் நர்சம்மாவே ஆணியோடு பிடுங்கிக் கொடுத்தார்.

நாலாவது இடம் அடிவாரத்தில் ஒரு சின்ன மருத்துவமனை. பெயர் வேண்டாம். பணியில் இருந்தவர் டாக்டர் ரஞ்சித்குமார், முப்பது வயது இருக்கும். என் பெயரைச் சொன்னதும் எழுந்து நின்றுவிட்டார்.

"சார், நீங்கதான் அந்த அருள்நாதனா? அறுபது சைட்டேஷன் பேப்பர்?"

டீ வந்தது. என்னோடு நின்று ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டார். நான் கட்டுரையை விரித்து, முடிவுரையை விரல் வைத்துப் படித்துக் காட்டினேன். அவரும் குனிந்து படித்தார். முகம் மாறியது. கெட்டிக்காரப் பையன்தான், ஒரே தடவையில் புரிந்துகொண்டார்.

"எங்க பெரிய டாக்டர் வெளியூர் போயிருக்காருங்க சார். வந்ததும் சொல்லிடறேன். நானா எடுத்தா ஏன் எடுத்தேன்னு கேப்பாரு. இத்தனை பேப்பர்ல இருக்கற விஷயத்த, ஒரு..." என்று நிறுத்தினார்.

"ஒரு ஆளு வந்து சொன்னான்னு எடுத்துட்டியான்னு கேப்பாரு. அதானே?"

"உங்களச் சொல்லலீங்க சார்."

தாள் அவர் தலைக்கு மேலேயே இருந்தது. கையை நீட்டினால் எட்டும். நாலு மூலையிலும் ஒட்டிய டேப் ஏற்கெனவே வாய் திறந்திருந்தது. அறுபத்து நாலு வயதில் ஒரு பேராசிரியர் அடுத்தவர் ஆஸ்பத்திரிச் சுவரில் காகிதம் கிழிப்பதா என்று எனக்குள் ஒரு மரியாதை குறுக்கே வந்தது. பிரதி ஒன்றை மேசையில் வைத்து, மறக்காமல் சொல்லிவிடுங்கள் தம்பி என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அதன் பிறகு இரண்டு முறை போன் செய்தேன். முதல் முறை, பெரிய டாக்டர் இன்னும் வரவில்லை என்றார். இரண்டாவது முறை எடுக்கவில்லை.

சென்னை விழாவுக்கு நான் போகவில்லை. கேடயத்தைத் தபாலில் அனுப்பிவைத்தார்கள். வேளாங்கண்ணி அதை அலமாரியில் வைக்கலாமா என்று கேட்டாள், என் முகத்தைப் பார்த்துவிட்டு அட்டைப் பெட்டியோடு பரண் மேல் போட்டுவிட்டாள்.

மார்ச் மாதம் ஒரு வியாழக்கிழமை காலை. கிளினிக்கில் கூட்டம் அதிகமில்லை. தமிழ்ச்செல்வன் நாலு வயதுப் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தான். முப்பது வயதுக்கு மேல் ஆகிவிட்டது, ஆனாலும் குள்ளம்மாளின் முகஜாடை அப்படியே இருந்தது. அம்மா போன பிறகும் வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை இருமல், காய்ச்சல் என்று சித்தேரி பஸ் பிடித்து, அரூரில் மாறி, என்னிடம்தான் வருவான். வழியில் எத்தனையோ டாக்டர்கள் இருக்கிறார்கள். எனக்கு உள்ளூர அதில் ஒரு பெருமை.

குழந்தைக்கு மூன்று நாளாகச் சளி. ஸ்டெதாஸ்கோப்பை மார்பில் வைத்துப் பார்த்தேன், பயப்பட ஒன்றுமில்லை. மருந்து எழுதிக்கொண்டே, "எங்க, உன் சம்சாரம் கவிப்பிரியா வரல? குழந்தைக்குன்னா எப்பவும் அவதானே கூட்டிக்கிட்டு வருவா?" என்று கேட்டேன்.

"அது தவறிப்போச்சுங்க சார். இருவத்தி ரெண்டு நாளாச்சு."

எழுதுகிற கை நின்றுவிட்டது. அவன் குழந்தையின் சட்டையைச் சரிசெய்து பொத்தான் போட்டுக்கொண்டிருந்தான்.

"கட்டுவிரியனுங்க சார். காத்தால எந்திரிச்சு வயித்து வலின்னுச்சு. எனக்குத் தெரிஞ்சுபோச்சு, எங்கம்மாவுக்கும் அதானே. உடனே வண்டி புடிச்சு எறங்கிட்டோம். அடிவாரத்து ஆஸ்பத்திரியில முதல்ல காட்டுவோம்னு நிறுத்துனோம். ஊசி போட்டாங்க. கொஞ்ச நேரத்துல கண்ணத் தொறந்துச்சு."

"கண்ணைத் திறந்தா நம்பாதேன்னு உனக்குச் சொன்னேனே, தமிழு."

"மறக்கலீங்க சார். நான் தர்மபுரிக்கே கொண்டு போறேன், எழுதிக் குடுங்கன்னு கேட்டேன். வேண்டியதில்லைன்னாரு ஒரு பெரிய டாக்டரு. நான் கேக்கல, வண்டிய வாசலுக்கு எடுத்துக்கிட்டு வந்துட்டேன். அப்புறம் அவரு சுவத்துல ஒட்டியிருந்த காயிதத்தக் காட்டி, இதெல்லாம் ஆராய்ச்சி பண்ணி எழுதுனதுன்னாரு. கீழ சின்ன எழுத்துல பேருங்க இருந்துச்சு. எழுத்துக் கூட்டிப் படிச்சேன். உங்க சீட்டுல இருக்கற அதே பேரு."

அவன் என் மேசையிலிருந்த மருந்துச் சீட்டைத் தொட்டுக் காட்டினான்.

"உங்க பேரப் பாத்ததும் தைரியம் வந்துருச்சுங்க சார். அப்ப வேண்டாம்னு சொன்னீங்க, அதுக்கப்புறம் நல்லாப் படிச்சுப் பாத்து நீங்களே மாத்தி எழுதியிருப்பீங்கன்னு நெனச்சேன். வண்டிக்காரர அனுப்பிட்டேன். பதினோரு மணி வரைக்கும் பேசிக்கிட்டுத்தான் இருந்துச்சு."

நான் வாயைத் திறந்தேன். ஜெயராணி, பென் டிரைவ், எச்-இன்டெக்ஸ், டிராயரில் கிடக்கும் படிவம், சுவரில் வாய் திறந்திருந்த டேப், எதை எங்கிருந்து ஆரம்பித்து இவனிடம் சொல்வது? ஆரம்பித்தால் என் கையெழுத்திலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

"சார், ஒண்ணு கேக்கட்டுங்களா? தப்பா நெனச்சுக்காதீங்க" என்றான். "நீங்க எழுதுனது தப்பாங்க சார்?"

"இல்லப்பா. நான் சரியாத்தான் எழுதினேன்."

அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கண்ணில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். புரியாத பாடத்தை வாத்தியார் இன்னொரு தடவை சொல்லித்தருவார் என்று காத்திருக்கிறவனின் பார்வைதான் அதில் இருந்தது.

"அப்பறம் ஏங்க சார்?" என்றான்.

குழந்தை அவன் மடியில் இருமியது. நான் பேனாவை எடுத்து, பாதியில் நின்ற இருமல் மருந்தின் பெயரை எழுதி முடித்தேன். வேளைக்கு எவ்வளவு, எத்தனை நாள் என்று அவனுக்கு இரண்டு தடவை சொன்னேன்.